நான் போடாத கட்டு

நைனா,

சோறு குக்கரில் இருக்கிறது. மீன் குழம்பைச் சூடாக்கிக்கொள். முள் அதிகம், பார்த்துச் சாப்பிடு. சர்க்கரை மாத்திரையை மறக்காதே.

நர்சிங் சேருவதற்கு முன் கை பழகட்டும் என்றுதான் எட்டு மாதமாக மந்தைவெளி கிளினிக்கில் கட்டுப் போடுகிறேன். நான் போட்ட கட்டு எனக்குத் தெரியாதா? நேற்று உன் காலில் இருந்தது நான் போட்டதில்லை. புண் ஆறக்கூடாது என்று நீயே பிரித்து, நனைத்து, திரும்பச் சுற்றியிருக்கிறாய்.

"புண்ணு ஆறவே மாட்டேங்குது கயலு, நீ காலேஜுக்குப் பூட்டா என்னை யாரு பாப்பா?" என்று அழுதாயே! அதை நம்பி, காலேஜில் சேரவில்லை என்று கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன். திங்கட்கிழமை ஹாஸ்டலுக்குப் போகிறேன்.

கயல்

பஞ்சும் மருந்தும் கட்டுத்துணியும் அலமாரியில். இனி நீயே கட்டிக்கொள். நேற்று நன்றாகத்தான் சுற்றியிருந்தாய்.