இலையில்லாத பூவும் அண்ணியின் அத்திவாரமும்

நவம்பர் 16, வியாழன்
காலைவரை மழை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே உடையார்கட்டு, அண்ணியின் காணிக்கு. புது வீட்டின் அத்திவாரத்துக்கு மேசன் கயிறு கட்டி முடித்துவிட்டார். அண்ணா மீன்பிடிக்கக் கடலில், அளவைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருந்தார்.

பின்பக்கத்தில் வீரை மரங்கள். அடியில் ஊறிய சருகுக்குள் வெள்ளையாக ஏழெட்டுத் தண்டுகள். விரல் நீளம்.

"தொடாதை ரஜி, நஞ்சுக் காளானாயிருக்கும்" என்றார் அண்ணி.

குனிந்து பார்த்தேன். காளான் இல்லை. நுனியில் மொட்டு. இலை ஒன்றுகூட இல்லை, பச்சை நிறமே இல்லை. அவசரத்தில் முதலில் எடுத்த படங்களெல்லாம் கலங்கல். கம்பஸில் எனக்குத் தாவரவியல் படிப்பித்த மிஸ்ஸுக்கு அனுப்பினேன். குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

நவ. 17, வெள்ளி
இடைவேளையில் மிஸ் கோல் எடுத்தார். "சருகைக் கிண்டாமல் அடியை வடிவாப் பாத்தனீங்களோ? இலை இருக்கோ?"

"இல்லை மிஸ்."

ஓர்கிட்டாக இருக்கும் என்றார். பிறகு, "திங்கள் வாறன். ஒருத்தரையும் மிதிக்க விடாதேங்கோ."

ஓர்கிட். இலையில்லாத ஓர்கிட்! தானாக உணவு செய்யாது. சருகை உக்க வைக்கும் பூஞ்சணத்திடமிருந்து மண்ணுக்குள்ளேயே உறிஞ்சி வாழும். படிப்பித்திருக்கிறேன், கண்ணால் கண்டதில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு இன்று பாடம் இல்லை, இந்தக் கதைதான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. சமைக்கிற குசினிப் பக்கக் கயிறு அவற்றின் மேலாகத்தான் போகிறது. திங்கள் அத்திவாரம் வெட்டு. பிடுங்கிச் சாடியில் வைக்கவும் முடியாது. அந்த மண்ணை விட்டால் செத்துவிடும்.

நவ. 18, சனி
விடிந்ததும் போனேன். ஒன்று விரிந்திருந்தது. சட்டைப் பொத்தான் அளவு, வெள்ளை, உள்ளே லேசான மஞ்சள். நுளம்புக் கடி, முழங்காலெல்லாம் சேறு. தனியாக இருந்து சிரித்தேன். மத்தியானத்துக்குள் வாடிவிட்டது.

அண்ணியிடம் சொன்னேன். வீட்டைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ள முடியாதா என்றும் கேட்டேன்.

"பிள்ளையள் வளந்தும் முடிஞ்சுது. நான் இன்னும் தகரத்துக்குக் கீழதான் கிடக்கிறன். உனக்கு இப்ப பூ."

அவர் சொன்னதில் பிழை இல்லை. தேத்தண்ணீர் குடிக்காமலே வந்துவிட்டேன்.

நவ. 19, ஞாயிறு
தேவாலயப் பூசைக்குப் போகும் வழியில் அண்ணி தன் வாசலில். பூசைக்கு உடுத்த வெள்ளைச் சேலை. "வா, அதைக் காட்டு."

இன்று இரண்டு பூ. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தினார். நெடுநேரம் பார்த்தார்.

"இலையுமில்லை, வெயிலுமில்லை. இது எப்பிடி உயிரோட இருக்குது?"

சொன்னேன். எழும்பி முன்பக்கம் போய், கத்தரிப் பாத்தியைக் காலால் அளந்தார். பூவும் பிஞ்சுமாய் நிற்கும் பாத்தி.

"இதை எடுத்தால் வீடு முன்னுக்கு வரும், என்ன?"

"அண்ணி, காய்க்கிற கத்தரி."

"கத்தரி திரும்ப நடலாம். அது ஆரும் நடாமல் வந்து நிக்குது. என்ர கையால மூடேலாது."

பூசைக்குப் பிந்திவிட்டோம்.

நவ. 20, திங்கள்
அரைநாள் லீவு. மேசன் முகம் சுளித்தார். "காளானுக்காகக் கட்டின கயிறை அவிழ்க்கச் சொல்லுறியள்." அண்ணி போய் முதல் கத்தரிச் செடியைப் பிடுங்கினார். மேசனும் போய்க் கயிற்றை அவிழ்த்தார்.

வவுனியாவிலிருந்து மிஸ். வந்ததும் ஈரச் சருகில் குப்புறப் படுத்துவிட்டார். எழும்பும்போது கண் கலங்கியிருந்தது. "இந்தப் பக்கத்தில இருக்கெண்டு நான் கேள்விப்பட்டதே இல்லை ரஜி." இனத்தை உறுதிப்படுத்த இன்னும் பார்க்க வேண்டுமாம். இடத்தை வெளியில் சொல்லக் கூடாது, கிண்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

"வீடு கட்டுறனெண்டு சொல்லலாம்தானே?" என்று கேட்டார் அண்ணி.

இருட்டுமுன் அத்திவாரம் பாதி. இரவுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு.

நவ. 23, வியாழன்
தூறல். விடைத்தாள் திருத்தம். பூவெல்லாம் முடிந்திருக்கும் என்று மனம் கொஞ்சம் சோர்வு.

இப்போதுதான் அண்ணியின் அழைப்பு. மூச்சு வாங்குகிறது அவருக்கு.

"ரஜி, பூ விழுந்த காம்பு நேத்து விரலளவும் இல்லை, இண்டைக்குச் சாணளவு நிக்குது. நுனியில காய். விதையைத் தூர எறியத்தான் உப்பிடி உயருதோ? பக்கத்தில சருகுக்குள்ள புதுசா இன்னும் மூண்டு மொட்டு. மேசனையும் கூப்பிட்டுக் காட்டினனான். உன்ர மிஸ்ஸுக்குச் சொல்லு. இல்லை, பொறு, நான் சொல்லுறன். நம்பரைத் தா."