மாமியின் தபால் வாக்கு

தை மாதம், புதன் இரவு. இக்காஸ்ட், டென்மார்க்.

இலங்கையில் யுத்தம் முடிந்து வரும் முதல் ஜனாதிபதித் தேர்தல். யுத்தத்தை நடத்திய ஜனாதிபதியும் அவருடைய இராணுவத் தளபதியும்தான் போட்டி; இரண்டு பேரும் இப்போது சரிக்குச் சரி என்கிறார்கள். இரண்டு வாரமாக இணையத்தில் கணிப்புகளைப் படித்த அப்பா இன்றுதான் ஒரு முடிவுக்கு வந்தார். உடனே வவுனியாவில் ஆசிரியையாக இருக்கும் தன் தங்கைக்கு, என் மாமிக்கு, போன் எடுத்தார்.

“ஆருக்குப் போடவேணும் எண்டு சொல்லத்தான் எடுத்தனான்.”

“தேர்தல் கடமை எண்டபடியா எங்களுக்குத் தபால் வாக்கெல்லே அண்ணை. காலமை போட்டாச்சு. நீங்கள் அங்கை இருந்து ஆறுதலா யோசியுங்கோ.”

“ஆருக்குப் போட்டனி?”

“அதைச் சொல்லமாட்டன்.”

மாமியின் மகன் கண்ணன், யுத்தம் முடிந்த மே மாதத்திலிருந்து இராணுவத்தின் தடுப்பு முகாமில் இருக்கிறான். வெல்பவர் விட்டால்தான் வருவான்.

எனக்கு ஆறு வயதாக இருந்தபோது அப்பா இங்கே முதன்முதலாக வாக்களித்தார். பாடசாலை விளையாட்டு மண்டபம், ஈரச் சப்பாத்துகளின் மணம், நூலில் கட்டிய பென்சில். திரைக்குள் என்னைத் தூக்கிப் பிடித்துப் புள்ளடி போடவிட்டார். “அம்மாவுக்கும் சொல்லக்கூடாது” என்றார். வீடு வரும்வரை வாயைப் பொத்திக்கொண்டே நடந்தேன். அவ்வளவு பெருமை.

சற்றுமுன் அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார்.

“ஆருக்குப் போட்டிருப்பாள்?”

“அம்மாவுக்கும் சொல்லக்கூடாது எண்டனீங்களே, அப்பா.”

சிரிப்பார் என்று நினைத்தேன்.

“கண்ணனை விடுறவருக்குத்தான் போட்டிருப்பாள்” என்றார். பிறகு, “அது ஆரெண்டு அவளுக்கும் தெரியாது.”