டிக்கெட் விற்கும் நிலா

ஜூன் 4

அன்பு அக்கா,

நலமா? நீ நலமாக இருப்பதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போனில் பேசு என்பாய். விடுதியில் உன் பக்கத்திலேயே உன் அறைத்தோழி உட்கார்ந்திருப்பாள்; எனக்குப் பேச்சே வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு கூண்டுத்தலையனை மறுபடி புதிதாகச் செய்து வெளியிட்டிருக்கிறார்களாமே? தலைக்குப் பதில் காலிக் கூண்டை வைத்துக்கொண்டு தொலைந்த பறவையைத் தேடுவானே, அவனேதான். அதை நீ அவளோடு சேர்ந்து விளையாடுகிறாயாம். அம்மா ஏதோ நல்ல செய்தி போலச் சொன்னாள். லீவுக்கு வந்ததும் நாம் விளையாடலாம் என்று சொன்னது யார்?

சரி, போகட்டும். அதில் சட்டை போட்ட மீன் இன்னும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறதா? அதன் சட்டையில் மூன்றாவது பட்டனை அழுத்தினால்தானே பஸ் வரும்? தையல்கடையில் நான் பட்டன் வைக்கும்போதெல்லாம் மூன்றாவதை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்கிறேன். மாஸ்டர் பார்த்துவிட்டு, "என்னம்மா அது, காலிங்பெல்லா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்து அடுத்த பட்டனை எடுத்தேன்.

அங்கே மவுஸை யார் பிடிக்கிறீர்கள்?

சுண்டு

ஜூன் 11

என் சுண்டுக்குட்டிக்கு,

உன் கோபம் கவருக்கு வெளியிலேயே தெரிகிறது. ஸ்டாம்பைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறாய்.

மவுஸ் அவள் கையில். லேப்டாப் அவளுடையது ஆயிற்றே. புதியது அழகாகத்தான் இருக்கிறது. பழையதில் நிலா என்றால் நாலு மஞ்சள் கட்டம்; இதில் கன்னத்துச் சுருக்கம்கூடத் தெரிகிறது. நாம் இருட்டுக் கிணறு என்று பயந்தது கிணறே இல்லையடி, ஒரு தொப்பி! மழைக்காலம் முழுக்க நாம் தேடிய சாவி இப்போது தானே மின்னி, இங்கே அழுத்து என்கிறது.

எல்லோரும் பேசவும் செய்கிறார்கள். நம் கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் கிடையாது, எல்லோருக்கும் நீதான் குரல். இப்போது டிக்கெட் விற்கும் நிலாவுக்கு யாரோ ஒரு ஆளின் கட்டைக் குரல். கேட்டதும் சும்மா இருக்க முடியாமல் உன் நிலாவைப் பேசிக் காட்டினேன்: "வந்துட்டியா மகராசா? டிக்கெட் உனக்குக் கிடையாது, உன் தலைக்கு மட்டும்தான்!" அவள் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாள்.

அன்போடு,
அக்கா

ஜூன் 15

அக்காவுக்கு,

நிலாவையும் கொடுத்துவிட்டாயா?

அந்தக் குரலில் உன்னிடம் தவிர யாரிடமும் நான் பேசியதில்லை. அம்மா உள்ளே வந்தால்கூட நிறுத்திவிடுவேன். வகுப்பில் எழுந்து நின்று ஒரு வரி படிக்க முடியாமல்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று உனக்குத் தெரியும். நான் வாய் நிறையப் பேசிய இடம் அது ஒன்றுதான். அதை எடுத்து அவளுக்கு வேடிக்கை காட்டியிருக்கிறாய்.

இன்னொன்று. நம் விளையாட்டில் திரைக்குக் கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு அதைப் படிக்க வராது. முகத்தைப் பார்த்து நானாகச் சொல்வேன். நீ படித்திருப்பாயே? நிலா நிஜத்தில் என்ன சொன்னது? அவளுக்குக் கிடைத்தது சரியான கதை, நான் சொன்னது தப்புக் கதை, அப்படித்தானே?

பதில் போட வேண்டாம். உங்கள் இருவருக்கும் விளையாட நேரம் வேண்டும்.

ஜூன் 20

சுண்டு,

பதில் போடாதே என்றாய். போடுகிறேன். அக்காவாகப் பிறந்துவிட்டேன், என்ன செய்வது?

அந்த எழுத்தையெல்லாம் நாம் விளையாடிய முதல் நாளே படித்துவிட்டேன். நிலா எப்போது கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்லும்: கவுன்ட்டர் மூடியாச்சு. மீன் சொல்வது, பஸ் தாமதம். அவ்வளவுதான். நீ பேசியதைக் கேட்ட பிறகு இதைப் போய் யாராவது சொல்வார்களா?

உன் கடிதம் வந்த அன்று சத்தத்தை அணைத்துவிட்டு விளையாடிப் பார்த்தேன். எல்லோரும் வாயை வாயை அசைத்தார்கள். அவளும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "உன் தங்கச்சி இல்லாம இது டல்லடிக்குதுடி" என்றாள். உன்னைக் கேட்காமல் நிலாவைக் கொடுத்திருக்கக் கூடாது.

கடைசிக் கதவுக்கு வந்ததும் நம் கம்ப்யூட்டர் எப்போதும் நின்றுபோகுமே, அந்தக் கதவு? பறவை அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. புதியதில் கதவு திறந்துவிடும். ஆனால் நாங்கள் அழுத்தாமல் நிறுத்தி வைத்திருக்கிறோம். பறவை என்ன சொல்லும் என்று நீ வந்து சொல்.

அக்கா

ஜூன் 24

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மாஸ்டரிடம் நானே போய் லீவு கேட்டேன். "அட, இதுக்குப் பேச வருமா!" என்று கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டார்.

அவள் அறையில் இருக்கலாம். சிரிப்பு வந்தால் சிரிக்கட்டும். ஆனால் ஜன்னலோரம் உட்காரச் சொல். உன் பக்கத்து நாற்காலி எனக்கு. மவுஸ் உன் கையில்தான் இருக்க வேண்டும், லேப்டாப் யாருடையதாக இருந்தாலும் சரி.

பறவை என்ன சொல்லும் என்று எனக்கு எப்போதோ தெரியும். இதில் எழுத மாட்டேன். அவள் பிரித்துப் படித்துவிடுவாள்.

உன் சுண்டு