சொறி, பிரிட்டிஷ்

ரோவில்,
மெல்பேர்ண்.
14.09.2025

அன்புள்ள மகன் சுஜீதனுக்கு அம்மா எழுதுவது,

நாங்கள் இங்கே சுகம். நீ அங்கே சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், அதுதான் முறை, ஆனால் நீ சுகமாய்த்தான் இருக்கிறாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஜன்னலுக்கு வெளியே நீச்சல் குளம், கீழே கோப்பிக் கடை, ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஸ்காரரோடு ரோஸ்ட் சாப்பாடு, பாங்கொக்கில் இதற்கு மேல் ஒரு மனிசனுக்கு என்ன சுகம் வேண்டும். உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது எனக்கு மறந்துபோகவில்லை. லண்டனில் ஆறு வருடம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டேன், நீ பின்பக்கத்தில் பந்து அடித்துவிட்டு வந்தாய். தெரிந்துகொண்டுதான் தமிழில் எழுதுகிறேன். போனைக் காட்டினால் அது மொழிபெயர்த்துத் தருமாம், உன் அக்கா நிரூபா சொன்னாள். அதற்காகத்தான் கையால் எழுதுகிறேன். நான் எழுதிக் கொடுக்கும் சாமான் துண்டை வைத்துக்கொண்டு உன் அப்பாவே கடையில் நின்று முழிப்பார், உன் போன் என்ன செய்யப் போகிறது. இதை நீ எப்படி வாசிக்கப் போகிறாய் என்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டு கிழமையாய் உன் அழைப்பை நான் எடுக்கவில்லை. பதினொரு தரம் அடித்திருக்கிறாய். அம்மாவுக்குப் பிறஷர் கூடிவிட்டதா என்று உன் அக்காவைக் கேட்டாயாம், பிறகு நம்பாமல் அத்தான் கீர்த்தனனையும் கேட்டாயாம். எனக்குப் பிறஷர் இல்லை, கோபம். அதற்குக் குளிசை இல்லை. அப்பா சுகம், இன்னும் குளிர் விடவில்லை என்று தக்காளிக் கன்றுகளைக் காலையில் வெளியே தூக்கி வைப்பதும் பின்னேரம் கராஜுக்குள் தூக்கி வைப்பதுமாய் இருக்கிறார், பிள்ளை வளர்த்தபோது இந்தக் கவனம் எடுத்திருந்தால் எனக்கு இந்தக் கடிதம் எழுதும் வேலை வந்திராது. அக்காவின் மகள் வினுஷாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. மாமா எப்போது வருவார் என்று கேட்கிறாள், மாமா பிரிட்டிஷ் ஆகிவிட்டார் பிள்ளை என்று சொன்னேன், அவளுக்கு விளங்கவில்லை.

உனக்கும் விளங்காது, ஆகவே அன்று நடந்ததை ஒருக்கால் சொல்கிறேன். சதுர்த்தி முடிந்து வந்த ஞாயிறு. இங்கே த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில் நின்ற சனத்தையும், நான் கொண்டுபோன மோதகம் அவிந்து வாய் பிளந்த கதையையும் உனக்கு வீடியோவில் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, சத்தத்தைக் கூட்டிவிட்டு, சட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தாய். அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். நீ போய்த் திறந்தாய். எனக்கு உன் முதுகும் கதவின் ஒரு கரையும்தான் தெரிந்தன, ஆனால் என் காது இன்னும் அடைக்கவில்லை. ஒரு இளம் பெட்டையின் குரல். அண்ணா, நீங்கள் தமிழோ, அம்மாவோட கதைக்கிறது கேட்டுது, பிள்ளைக்கு... என்றாள். அதற்கு மேல் அவளை நீ பேச விடவில்லை. சொறி, பிரிட்டிஷ் என்று இங்கிலீசில் சொல்லிக் கதவைச் சாத்தினாய். திரும்பி வந்தபோது உன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. யார் என்று கேட்டேன். ஆரோ றூம் மாறித் தட்டிட்டினம் அம்மா, நீங்கள் சொல்லுங்கோ, மோதகம் என்னண்டு உடைஞ்சது என்றாய். நான் போனை வைத்துவிட்டேன்.

அவள் அறை மாறித் தட்டவில்லை. எதிர் அறையில் ஏழு பேர் அடைந்து கிடக்கிறார்கள், மீன் பொரிக்கிற மணம் தாங்க முடியவில்லை என்று ஆனி மாதமே என்னிடம் முறைப்பட்டவன் நீதான். உன் பக்கத்து அறைகளுக்குக் குளம் தெரியுமாம், எதிர்ப்பக்கம் பாலத்தைப் பார்த்த மலிவு அறைகளாம், அங்கே பகலில் ஒருவரும் வெளியே வருவதில்லையாம், சந்தேகமாய் இருக்காம். அப்போதே அவர்கள் ஆர் எண்டு ஒருக்கால் கேள் தம்பி என்று சொன்னேன், நீ கேட்கவில்லை. பகலில் ஏன் வெளியே வருவதில்லை என்று நீ யோசிக்கவும் இல்லை. அந்தப் பிள்ளை உன்னை நம்பி வரவில்லை, தெரியுமா. கதவுக்கூடாக வந்த என் குரலை நம்பி வந்தாள். நான் உன்னோடு பலத்துக் கதைத்தபடியால்தான் அவள் தட்டினாள். என் சத்தத்துக்கு வந்தவளைத்தான் நீ இங்கிலீசில் அனுப்பினாய்.

பிள்ளைக்கு என்று தொடங்கினாளே, பிள்ளைக்கு என்ன? காய்ச்சலா, வயிற்றோட்டமா, பால் முடிந்துவிட்டதா? இரண்டு கிழமையாய்க் குசினிக்குள் நின்று நான் அந்த வசனத்தை முடித்து முடித்துப் பார்க்கிறேன். சோறு அடிப்பிடித்த பிறகுதான் நினைவு வருகிறது.

நீ நிரூபாவிடம் சொன்ன சமாதானமும் எனக்கு வந்து சேர்ந்தது. அவர்களிடம் பத்திரம் இருக்குதோ தெரியாது, தலையிட்டால் என்ரை விசாவுக்குப் பிரச்சினை வரும் எண்டு அம்மாவுக்கு விளங்கப்படுத்து அக்கா என்றாயாம். எனக்கா விசாவை விளங்கப்படுத்துகிறாய்? அடேய், நான் நாலு நாட்டு வரிசையில் நின்று முடித்தவள். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை போய்ப் பதிய வேண்டியிருக்கு, நாற்பது நிமிடம் வரிசையில் விட்டுவிட்டாங்கள், ஏசியும் வேலை செய்யவில்லை, மனிசரை மிருகம் மாதிரி நடத்துகிறாங்கள் என்று போன வருடம் நீ புலம்பியபோது அப்பா எழும்பிக் கராஜுக்குப் போனாரே, தக்காளிக்குத் தண்ணீர் விடவா போனார் என்று நினைத்தாய்? அது குளிர்காலம், அப்போது கராஜுக்குள் ஒரு கன்றும் இல்லை.

அந்த எக்ஸ்பற் என்ற சொல்லையும் நீதான் எனக்குப் படிப்பித்தாய். நாங்கள் மைகிரண்ட் இல்லை அம்மா, எக்ஸ்பற் என்றாய். என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அவை வழியில்லாமல் போறவை, நாங்கள் விரும்பிப் போறனாங்கள் என்றாய். சரி. எனக்கு ஊரில் இடம்பெயர்ந்தவள் என்று பெயர், பாங்கொக்கில் கள்ளமாய் இருப்பவள், லண்டனில் அகதி விண்ணப்பக்காரி, இங்கே உன் அக்கா எடுத்துத் தந்த பேரன்ற் விசாக்காரி. ஒருவரும் எனக்கு எக்ஸ்பற் என்று சொல்லவில்லை. உனக்கு அது பாஸ்போட்டோடு சும்மா வந்தது, அந்தப் பாஸ்போட் வருவதற்கு அப்பா பெற்றோல் ஷெட்டில் பதினாறு வருடம் நின்றார். உங்கள் பப்பில் இருக்கும் டெறிக் என்ற கிழவன் பதினைந்து வருடமாய் அங்கே இருந்தும் தாய்லாந்துப் பாஷையில் தண்ணீர் கேட்கத் தெரியாதாம், ஆனால் இங்கிலாந்துக்கு வருகிறவர்கள் இங்கிலீஸ் படிக்கிறார்கள் இல்லை என்று ஏசுகிறானாம், அதை நீ எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னாய். அந்த மேசையில் இருந்து அவனோடும் சிரித்திருப்பாய். அவன் யாரை ஏசுகிறான் என்று நினைத்தாய்? உன் அப்பாவைத்தான். குண்டுமணிக்குத் தன் முதுகுக் கறுப்புத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

இனி நான் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன், சொல்லாதது என் பிழைதான், உங்கள் இரண்டு பேருக்கும் பாரம் வேண்டாம் என்று விட்டது. பாங்கொக்கில் நாங்கள் பிளேன் மாற ஸ்டொப்ஓவர் நின்றதாக நீ உன் சிநேகிதர்களுக்குச் சொல்லுகிறாயாம். ஸ்டொப்ஓவராம்! தொண்ணூற்றோராம் ஆண்டு, கலியாணம் முடித்து நாலு மாதம், ஒரு அறையில் பதினொரு பேர், லண்டனுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்ற் இன்றைக்கு நாளைக்கு என்று ஏமாற்றிக்கொண்டிருந்தான். ஒரு நாள் மத்தியானம் உலையில் அரிசி போட்டிருந்தேன். பொலிஸ் வருகிறது என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. எல்லோரும் படியால் ஓடினார்கள், அப்பாவும் ஓடினார், நான் அடுப்பை நிறுத்தப் போய்ப் பிந்திவிட்டேன். வேறு வழியில்லாமல் எதிர்க் கதவைத் தட்டினேன். அங்கே பத்மா என்று ஒரு அக்கா இருந்தா, தமிழ்நாட்டுக்காரி, அவவின் புருஷன் சேஷாத்ரி இரத்தினக் கல் வியாபாரக் கடையில் கணக்குப்பிள்ளை. அதுவரைக்கும் நாங்கள் ஒரு சொல் கதைத்ததில்லை. கதவைத் திறந்து, யாரும்மா நீ, தமிழா என்று கேட்டா. நான் ஓம் என்றேன். அவவுக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டா. ஓம், ஓம் என்றேன். ஐயோ பாவம், பயத்தில் மந்திரம் சொல்றா பாருங்க, உள்ள வாம்மா முதல்ல என்று கையைப் பிடித்து இழுத்துக் கதவைச் சாத்தினா. எங்கள் ஊரில் ஓம் என்றால் ஆமாம் என்று அவவுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது, பிறகு நினைத்து நினைத்துச் சிரித்தா.

அன்று அவ கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. தன் நெற்றிப் பொட்டை எடுத்து என் நெற்றியில் ஒட்டினா, முன்னால் ஒரு கீரைக்கட்டைப் போட்டு ஆயச் சொன்னா. பொலிஸ் உள்ளே வந்தபோது இரண்டு பெண்கள் நிலத்தில் இருந்து கீரை ஆய்கிறோம். சேஷாத்ரி அண்ணன் தன் பத்திரங்களை எடுத்து நீட்டி, இது என் மனைவி, அது அவள் தங்கை என்று சொன்னார். அவருக்கும் விசா இருந்தது மகனே. பிடிபட்டிருந்தால் அவரும் போயிருப்பார். பயத்தில் பத்திரங்களைத் தலைகீழாய் நீட்டினதை நான் கண்டேன். அப்போது வெளியே கொரிடோரில், என்னைக் காணாமல் திரும்பிப் படியேறி வந்து பிடிபட்ட அப்பாவைக் கொண்டு போனார்கள். ரஞ்சி, ரஞ்சி என்று அவர் என்னைத் தேடிக் கூப்பிட்ட சத்தம் கதவுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

எட்டு மாதம் அவர் மறியலில், சிறைக்குள். எட்டு மாதமும் நான் பத்மா அக்கா வீட்டில். விட்டபோது உடம்பு முழுக்கச் சொறி பிடித்து வந்தார், படுக்க இடமில்லாமல் ஆளோடு ஆள் ஒட்டிக் கிடந்த சொறி, அக்கா வேப்பிலை அவித்த தண்ணீரில் மாதக்கணக்காய்க் குளிக்க வார்த்துத்தான் ஆறியது. அந்த ஊரிலிருந்து அப்பா கொண்டுவந்ததும் சொறி, அதே ஊரில் நின்று நீ சொன்னதும் சொறி. உன்னுடையது வேப்பிலைக்கு ஆறுமா என்று தெரியவில்லை. பத்மா அக்கா அன்று சொறி, இண்டியன் என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருந்தால் நீ எங்கே, உன் நீச்சல் குளம் எங்கே? இதை எல்லாம் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். விடு, பெடியன் பயந்திருப்பான் என்றார். சேஷாத்ரி அண்ணனும் பயந்தார்தானே என்றேன். அவர் எழும்பிக் கராஜுக்குப் போய்விட்டார்.

இத்துடன் ஒரு பார்சலும் வருகிறது. சிட்னியில் பென்டில் ஹில்லில் இருந்து உன் சித்தி வறுத்து இடித்து அனுப்பிய மிளகாய்த்தூள், பிள்ளைகளுக்கான காய்ச்சல் மருந்து, இரண்டு சின்னச் சட்டை, வினுஷா தந்த கரடிப் பொம்மை. இதில் ஒன்றும் உனக்கில்லை, எடுத்து மணந்து பார்க்காதே. மழைக்காலம், நுளம்பு கடித்துக் காய்ச்சல் வரும், எண்ணெய் பூசிக்கொள். கண்ட கண்ட பப்பில் கிடக்காமல் நேரத்துக்குச் சாப்பிடு. உன்னில் கோபம் என்பதற்காக நீ பட்டினி கிடக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

இனி வழியைச் சொல்கிறேன். கடிதம் வந்து சேரும் நாளில் நிரூபா உனக்கு இங்கிலீசில் இரண்டே வரி அனுப்புவாள். இதை வாசித்துச் சொல்லும்படி எதிர் அறைக் கதவைத் தட்டிக் கேள், தமிழோ என்று கேட்டால் ஓம் என்று சொல். வேறு யாரிடமும் கொண்டு போகாதே. கதவு திறக்காவிட்டால், அந்த அறை வெறுமையாய் இருந்தால், இதில் ஒரு எழுத்தும் உனக்குத் தெரியப்போவதில்லை. அப்போது கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடு. நான் விளங்கிக்கொள்வேன்.

நல்லாய் இரு. பிள்ளையார் உனக்குத் துணை, புத்தியும் சேர்த்துத் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ரஞ்சினி

பி.கு.: இது உனக்கில்லை சுஜீதன், இதை வாசித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு. மகள், இவ்வளவு நேரம் நான் ஏசியதை எல்லாம் உன் வாயால் சொல்ல வைத்ததற்குக் குறை நினைக்காதே. முன்னால் நிற்கிற இவன் என் மகன், தமிழ் நன்றாய்க் கதைப்பான். அன்றைக்கு நீ பிள்ளைக்கு என்று தொடங்கினாய், மிச்சத்தை இப்போது இவனிடம் சொல்லு.