மூன்றாம் தூணின் மஞ்சள் கோடு

ஞாயிறு மாலை

அன்புள்ள கட்டெறும்பின் அப்பாவுக்கு,

நானும் உங்கள் மகளும் சௌக்கியம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கேட்டால் ‘ம்’ என்று ஒரே எழுத்தில் முடித்துவிடுகிறீர்கள். உங்கள் அறையில் நான்கு பேர் படுத்திருக்கிறார்கள், இங்கே ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் பார்க்கின் வருட பாஸ். நீங்கள் அங்கே பராமரிப்பு வேலையை விட்டு, அதே முதலாளியின் புது பார்க்கைக் கட்ட வெளிநாட்டுக்குக் கிளம்பியபோது மேனேஜர் நம் மூவருக்கும் கொடுத்த பரிசு அது. அடுத்த மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்கலாமா, வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நானாக முடிவு செய்தால் உங்கள் மகள் ஒரு வாரம் என்னோடு பேசமாட்டாள்.

இத்தனை நாள் கவலையே இல்லை. குட்டி ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, ஒரு ஐஸ்கிரீம் என்று எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓடிவிடும். இப்போது அவள் வளர்ந்துவிட்டாள். தூண்களின் மேல் ஏறி இறங்கிப் பாயும் பெரிய ரயிலின் வாசலில் உயரம் பார்க்க ஒரு மரப்பலகைக் கரடி நிற்குமே, அதன் நீட்டிய கைக்கு இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி. போன வாரம் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். வாசல் காவலர் சிரித்துவிட்டு, ‘அடுத்த மாசம் வாங்க மேடம்’ என்று சல்யூட் அடித்தார். புது பாஸ் என்றால் பெரிய ரயிலில் ஏறியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு நட்டை முறுக்கி முடித்ததும் அதன் மேலும் அடியில் உள்ள தகட்டின் மேலும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு இழுப்பீர்களே, அந்தப் பழக்கத்தை வீட்டுக்குள்ளும் கொண்டு வந்தீர்கள். குக்கர் கைப்பிடியில் கோடு, ஜன்னல் கொக்கியில் கோடு, அவள் சைக்கிள் முழுக்கக் கோடு. கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை, உடைந்து விலகினால் தளர்ந்துவிட்டது என்று அவளுக்கு நடக்கத் தெரிந்த வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். இன்று பெரிய ரயிலின் மூன்றாம் தூணுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். அண்ணாந்து பார்த்தவள் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, ‘அம்மா, அப்பா கோடு உடைஞ்சிருக்கு’ என்றாள்.

எண்ணிப் பார்த்தோம். பதினாறு நட்டில் மூன்று. தகட்டில் பாதிக் கோடு ஒரு பக்கம், நட்டில் பாதிக் கோடு வேறு பக்கம். ரயில் மேலே போகும்போதெல்லாம் அந்தத் தூண் முனகுகிறது. முன்பும் முனகியதா என்று எனக்கு நினைவில்லை. உங்கள் பழைய கூட்டாளி, இவள் ஸ்பானர் மாமா என்று கூப்பிடுகிறவர், அந்தப் பக்கமாக வந்தார். காட்டினோம். அவர் மேலே பார்க்கவே இல்லை. ‘பாத்துக்கறேன் தங்கச்சி’ என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டார்.

நான் ஒன்றும் தெரியாமல் பயப்படுகிறேனோ என்னவோ. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் சமாதானமாகிவிடுவேன். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் பதிலுக்காக,
கட்டெறும்பின் அம்மா


திங்கள், ஒரு வாரம் கழித்து

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது என்று போனில் சொன்னீர்கள். ‘ஸ்பானர் பாத்துப்பான், நீ பாஸ புதுப்பிச்சிடு, புள்ள ஆசப்படுது’ என்றீர்கள். உடனே இங்கே மழை உண்டா என்று கேட்டீர்கள். பதினோரு வருடமாக உங்களோடு குடித்தனம் நடத்துகிறேன். பிடிக்காத பேச்சு வந்தால் நீங்கள் மழையிடம் போய் ஒளிந்துகொள்வது எனக்குத் தெரியாதா?

நேற்று மறுபடி போனோம். ஸ்பானர் மாமா பார்த்துவிட்டார். பதினாறு நட்டிலும் பளபளவென்று புதுக் கோடு. எனக்கு நிம்மதியாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. உங்கள் மகள்தான் பெஞ்சின் மேல் ஏறி நின்று வெகுநேரம் பார்த்தாள். ‘முறுக்கலம்மா. முறுக்கியிருந்தா பழைய கோடு ரெண்டு பாதியும் ஒண்ணா சேந்திருக்கும். அது அங்கங்கயே இருக்கு. மேல புதுசா கோடு மட்டும் போட்டிருக்காங்க’ என்றாள். நானும் பெஞ்சில் ஏறிப் பார்த்தேன். புது மஞ்சளுக்குப் பக்கத்தில் பழைய மஞ்சள், சேராத இரண்டு துண்டுகளாக அப்படியே இருந்தது. அவள் அதை ஒரு கணக்கைத் திருத்துகிறவள் மாதிரி சொன்னாள்.

யாரிடமாவது கேட்காமல் போவதில்லை என்று வாசல் காவலரிடம் போனேன். அவர் நல்ல மனிதர். ‘தினமும் காலைல செக் பண்ணித்தான் ஓட்டறாங்கம்மா, வேணும்னா உள்ள வந்து பாருங்க’ என்று தடுப்புக்கு அப்பால் இருக்கும் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். இவள் உயரம் போதாததால் நாங்கள் இதுவரை அந்தத் தடுப்பைத் தாண்டியதே இல்லை. பெட்டிக்குள் சோதனைத் தாள். சக்கரம், சங்கிலி, பிரேக், தூண், எல்லாவற்றுக்கும் நேரே சரி என்று குறி. நேற்றைய தேதி. கீழே உங்கள் கையெழுத்து.

காவலர், ‘பாத்தீங்களா, உங்க வீட்டுக்காரரேதான்’ என்று பெருமையாகச் சொன்னார். புதிதாக வேலைக்கு வந்தவர், நம் பாஸில் உங்கள் பெயரைப் பார்த்திருக்கிறார், நீங்கள் ஊரில் இல்லாதது அவருக்குத் தெரியாது. நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேஜையில் இரண்டு கட்டுத் தாளை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தீர்கள். என்ன இது என்று கேட்டேன். ‘ஆபீஸ் சம்பிரதாயம்’ என்றீர்கள். விரல் மரத்துப்போய் நடுவில் கையை உதறினீர்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். மை காயட்டும் என்று ஒவ்வொரு தாளாக ஊதி அடுக்கியது நான்தான். மேலே ஒரு எழுத்துக்கூட இல்லாத தாள்கள். மறுநாள் மேனேஜர் வந்து தாள்களை வாங்கிக்கொண்டு மூன்று பாஸைக் கையில் கொடுத்தார்.

மருந்துக்கடையில் நிற்கிறவள் நான். டாக்டர் முன்னாலேயே கையெழுத்துப் போட்டு வைத்த வெற்றுச் சீட்டு யாராவது கொண்டு வந்தால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன், மருந்து தரமாட்டேன். என் வீட்டு மேஜையில் அதே காரியம் நடந்தபோது ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் மேல் வரும் கோபத்தில் பாதி என் மேலேயே திரும்புகிறது.

எத்தனை தாள் அது? ஒரு வருடத்துக்கா? பாஸைப் புதுப்பிப்பதை அப்புறம் பார்க்கலாம். இதற்குப் பதில் எழுதுங்கள், போனில் வேண்டாம்.

கவலையோடு,
கட்டெறும்பின் அம்மா


புதன், இரண்டு வாரம் கழித்து

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மூன்றே வரி. ‘கண்ணாடிப் பெட்டி பக்கம் போகாதே. யாரிடமும் பேசாதே. பாஸைப் புதுப்பிக்க வேண்டாம்.’

புதுப்பிக்க வேண்டாம் என்று நீங்கள் எழுதியதும் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்த வரியைப் படித்துவிட்டு சமையலறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வாரம் முன்பு புள்ள ஆசப்படுது என்றவர் நீங்கள். இப்போது உங்கள் பிள்ளை ஏற வேண்டாம் என்கிறீர்கள். அப்படியானால் அந்தத் தூணைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஸ்பானர் மாமாவிடம் கேட்டிருப்பீர்கள், அவர் சொல்லியிருப்பார். நம் வீட்டுப் பிள்ளையை மட்டும் இறக்கிவிட்டு ரயிலை ஓடவிடச் சொல்கிறீர்களா?

திட்ட வேண்டும் என்று எழுதவில்லை. அந்தத் தாளை நீட்டியபோது நீங்கள் மறுத்திருந்தால் இந்த வெளிநாட்டு வேலை வேறு ஒருவருக்குப் போயிருக்கும், எனக்குப் புரிகிறது. நல்லவர் நீங்கள். குக்கர் கைப்பிடிக்குக்கூடக் கோடு போட்டவர். அதனால்தான் தாங்கவில்லை.

இப்போது நடப்பதைக் கேளுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை இவள் வகுப்புக்குச் சுற்றுலா. எங்கே என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். திங்கட்கிழமை வகுப்பு டீச்சரைப் பார்த்து, அந்தப் பெரிய ரயில் சரியில்லை, பிள்ளைகளை ஏற்ற வேண்டாம் என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். பள்ளிக்கூடம் கேட்டதால் பார்க்கிலிருந்து அனுப்பிய சோதனைத் தாளின் நகல். ‘உங்க வீட்டுக்காரர் கையெழுத்தப் பாத்துட்டுத்தாங்க நாங்க தைரியமா ஒத்துக்கிட்டோம். நம்ம புள்ளயோட அப்பாவே செக் பண்ணியிருக்காரேன்னு ஹெட்மாஸ்டரே சொன்னார்’ என்றார். அவர் ஊரிலேயே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் அடுத்து உங்களுக்கு என்ன ஆகும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அப்படி மூடிக்கொண்டதற்காக இரண்டு நாளாக என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று மேனேஜர் ஆள் மூலம் ஒரு கவர் அனுப்பினார். உள்ளே புதுப்பித்த பாஸ் மூன்று. நான் விண்ணப்பமே கொடுக்கவில்லை, காசும் கட்டவில்லை. நம் படங்கள்கூடப் போட்டாகிவிட்டது. பழைய படத்தில் முன்பல் இல்லாமல் இருப்பவள், புதியதில் வாயை மூடிக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி நிற்கிறாள். கரடிப் பலகைக்கு முன்னால் நிற்கும்போது எடுத்திருக்கிறார்கள். அவளுக்கே தெரியாமல் யார் எடுத்தது என்று எனக்குத் தெரியவில்லை. பாஸுக்கு அடியில் இரண்டு கட்டு வெற்றுத் தாள். மேலே ஒரு துண்டுச் சீட்டு: ‘சார் வழக்கம்போல் போட்டு அனுப்பட்டும்.’

அதை நான் உங்களுக்கு அனுப்பவில்லை. அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் பழைய தாள் தீர்ந்துவிடும், அவர்கள் கேட்டு வருவார்கள். அதற்குள் அந்தக் கட்டையும் துண்டுச் சீட்டையும் எடுத்துக்கொண்டு நான் அரசாங்க ஆய்வாளர் ஆபீஸுக்குப் போகப்போகிறேன். விலாசம் விசாரித்துவிட்டேன். மாடியில் இரண்டாவது அறை. ஆனால் நான் என்ன சொன்னாலும் அவர்கள் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து உங்கள் கையெழுத்தைக் காட்டுவார்கள். அதை இல்லை என்று சொல்ல உங்கள் ஒருவரால்தான் முடியும்.

இவளைக் காலையில் கதவோரம் நிறுத்தி அளந்தேன். கரடியின் கை நிற்கும் நூற்று நாற்பது சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டாள், சாக்ஸ் இல்லாமல். வெள்ளிக்கிழமை இவளுக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் வைத்துக்கொள்வது எனக்குச் சுலபம். மற்ற முப்பத்தேழு வீட்டிலும் இன்று யாரோ ஒருத்தி பிள்ளைக்குத் தொப்பி வாங்கிக்கொண்டிருப்பாள். வாசலில் பிள்ளைகள் தயங்கினால் டீச்சர் உங்கள் கையெழுத்தைக் காட்டித்தான் ஏற்றுவார்.

வேலை போகும். வேறென்ன போகும் என்று எனக்குத் தெரியவில்லை, வழக்கு வரலாம். வரட்டும். எது வந்தாலும் கோர்ட் வாசலில் உங்கள் கூடவே நான் நிற்பேன். மை ஊதியவள்தானே.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். சனிக்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும். அன்றே திருப்பி அனுப்பினால் புதன்கிழமை எனக்குக் கிடைக்கும், வியாழக்கிழமை நான் அந்த மாடியில் இருப்பேன். உள்ளே ஒரு வெள்ளைத் தாளும் வைத்திருக்கிறேன், பாருங்கள். அவள் நோட்டிலிருந்து கிழித்தது. எதற்கு என்று கேட்டாள், அப்பாவுக்கு என்றேன். ஓரத்தில் அவளாகவே ஸ்கேல் வைத்து ஒரு மஞ்சள் கோடு போட்டுக் கொடுத்தாள்.

கடவுள் உங்களுக்குத் தைரியம் கொடுக்கட்டும். நடந்ததை முழுக்க அந்தத் தாளில் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு, கீழே கையெழுத்துப் போடுங்கள்.

காத்திருக்கும்,
கட்டெறும்பின் அம்மா