பலகையில் விழுந்த இரண்டு அடி

சூசையப்பர் துணை
இராயபுரம், 5-1-1969

அன்புத் தோஸ்து தாமோதரனுக்கு,

பம்பாய்ச் சோறு ஒத்துக்கொண்டதா? மூன்று மாதமாக ஒரு கார்டுகூட இல்லை. பெரிய ஆளாகிவிட்டாய்.

துறைமுகத்தில் சுமை தூக்கும் வின்ச்சில் வலது கை போனதிலிருந்து சும்மா கிடந்தேனே, இப்போது நானும் மாஸ்டர் ஆகப்போகிறேன்! மாதாகோயில் கூடத்தில் வால்டர் மாஸ்டரிடம், என்னைப் போல ஊனமானவர்களுக்கு பாக்ஸிங் சொல்லிக்கொடுக்கப் பழகுகிறேன். கால் இல்லாதவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து குத்துகிறார்கள். உன் தம்பி சின்னப்பையன்தான் என் முதல் ஆள். காது கேட்காதவனுக்கு மணி எதற்கு? ரவுண்டு முடிந்தால் ரிங் பலகையை இடது உள்ளங்கையால் இரண்டு தடவை அடிப்பேன். பாதத்தில் உணர்ந்து கையை இறக்கிவிடுவான். பலகையை ஊரே மிதித்தாலும் அசையமாட்டான். என் கை அவனுக்குத் தெரியும்.

உன் அம்புரோஸ்

இராயபுரம், 10-2-1969

தாமு,

எப்படி எழுதுவேன்? நேற்றுப் போட்டியில் சின்னப்பையன் விழுந்துவிட்டான். எதிராளியின் மூக்கை உடைத்து ரிங் முழுக்க ரத்தமாக்கியிருந்தான். மூன்றாவது ரவுண்டின் நடுவே திடீரென்று கையை இறக்கினான். முதல் குத்து கண்ணில், அடுத்தது தாடையில். இரண்டு பல் என் மடியில் விழுந்தது. தாடை உடைந்துவிட்டது. இடது கண் போய்விட்டது என்கிறார் டாக்டர்.

காலடிப்பேட்டை மீன் வண்டி சௌக்கத் அலி ரிங் ஓரமாக நின்று பலகையை மிதித்தான். ரவுண்டு முடிந்ததென்று நம் பையன் ஏமாந்துவிட்டான்.

அம்புரோஸ்

பம்பாய், 15-2-1969

அம்புரோஸ்,

அம்மா சாகும்போது அவனை என்னிடம் கொடுத்தாள். நான் உன்னிடம் கொடுத்தேன். உன்மேல் வருத்தமில்லை. சௌக்கத் அலி எந்தக் காலால் மிதித்தானோ, அந்தக் கால் அவனுக்கு இருக்காது. வெள்ளிக்கிழமை வண்டி ஏறுகிறேன், மூட்டை இழுக்கும் கொக்கியோடு. "இன்னாத்துக்குடா மிதிச்ச?" என்றுகூடக் கேட்கமாட்டேன். நீ குறுக்கே வராதே.

தாமோதரன்

இராயபுரம், 20-2-1969

தாமு,

ஏறாதே, வண்டி ஏறாதே! சௌக்கத் அலி மிதிக்கவில்லை. எதிராளி தள்ளாடியதைப் பார்த்ததும் எனக்கு வெறி தலைக்கேறிவிட்டது. "குத்துடா, சாவட்டும்!" என்று கத்திக்கொண்டே பலகையை நானே அடித்தேன். இரண்டு தடவை. பயத்தில் வாயில் வந்த பெயரை எழுதிவிட்டேன்.

இரண்டு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். தந்தி ஆபீசுக்கும் போனேன். கவுண்டரில் நம் கோயிலுக்கு வரும் டோரதி இருந்தாள். அவளிடம் இதை நீட்ட வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டேன். அடிப்பதென்றால் என்னை அடி.

அம்புரோஸ்

மத்திய சிறை, சென்னை, 22-3-1969

அம்புரோஸுக்கு,

நான் வண்டி ஏறிய மறுநாள் உன் கடிதம் பம்பாய் போயிருக்கிறது. என்னோடு அறையில் இருந்தவன் இங்கே திருப்பி அனுப்பினான்.

சென்ட்ரலில் இறங்கி நேராகக் காலடிப்பேட்டை போனேன். சௌக்கத் அலி வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். "இன்னா மாமு, எப்ப வந்த? தம்பிக்கு இப்ப எப்டி கீது?" என்று கேட்டான். கொக்கியை அவன் கால் முட்டியில் இறக்கினேன். மூன்றாவது தடவை எலும்பு வெளியே வந்தது.

அதே ரத்தத்தோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பியின் வாயைக் கட்டியிருந்தார்கள். என்னைக் கண்டதும் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இடது உள்ளங்கையால் கட்டிலை இரண்டு தடவை அடித்தான். பிறகு என் சட்டையைப் பார்த்து அழுதான். ஊரே மிதித்தாலும் அசையமாட்டான் என்று நீதானே எழுதியிருந்தாய்? எனக்குத்தான் புத்தி இல்லை.

தந்திக்கு இரண்டு வார்த்தை போதுமேடா, பாவி.

சௌக்கத் அலியின் காலை எடுத்துவிட்டார்களாம். கூடத்தில் இன்னொரு ஸ்டூல் போடு. அவனை உட்காரவைத்துக் கற்றுக்கொடு. எனக்கு இனி எழுதாதே.

தாமோதரன்