ஈயம் பூசாத கிடாரங்கள் குறித்து வெண்மணல் அரசியாருக்கு விடுத்த ஓலை

வெண்மணல் நாட்டுத் துறைகள்தோறும் கலங்கள் நலமே கரைசேர்க. உப்பளங்கள் குறைவின்றி விளைக. கடலோடிகளும் பரதவரும் ஒருங்கே வாழ்த்த அரியணை வீற்றிருக்கும் பேரரசி கடலாண்ட நாச்சியார் திருமுன்பு, செம்பொறை மலைநாட்டை ஆளும் திருக்கண்டராயன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை.

எம் பெயருக்கு முன் வழக்கமாக வரும் பட்டங்களைப் பொறிக்க ஓலைநாயகம் எழுத்தாணியை எடுத்தார். வேண்டாம் என்று தடுத்துவிட்டோம். முன்னெல்லாம் தங்களைத் தமக்கையார் என்று விளித்து எழுதுவோம். இன்று அந்த உறவைச் சொல்லவும் எமக்கு நாக் கூசுகிறது.

முதற்கண் ஒரு வேண்டுகோள். கடல்தெய்வத் திருவிழாவின் பெருஞ்சோற்றில் நஞ்சிட்டார் என்ற குற்றத்தின்மேல், கோயில் மடைப்பள்ளியின் தலைமைச் சமையலர் சேந்தி அம்மையார் தங்கள் சிறையில் இருக்கிறார். வரும் பௌர்ணமியன்று தீர்ப்பு என்றும், அது உயிர்த்தண்டனையாகவே முடியும் என்றும் அறிகிறோம். அவர் நஞ்சிடவில்லை. நஞ்சு யாம் விற்ற செப்புக் கிடாரங்களில் இருந்தது. எஞ்சிய ஓலையைப் படிக்கும் முன்பே அவரை விடுவிக்க ஆணையிட்டருள வேண்டும். காரணத்தை அதன் பின் கேட்டால் போதும்.

எம் நாட்டில் பாத்திரக் கடைகளில் ஈயம் பூசி விற்கும் வழக்கம் இல்லை. பூசிய பாத்திரத்தைக் கண்டால், யார் வீட்டிலோ புழங்கியது என்று எவரும் கையால் தொடமாட்டார்கள். செம்பு செம்பாகவே தெரியும்படி வாங்கிச் சென்று, தம் வீட்டு வாசலில் உலை மூட்டி, ஈயம் பூசுவோரை வரவழைத்து, உற்றார் கூடியிருக்க உட்புறம் முழுவதும் பூசச் செய்து, அதன் பிறகே அடுப்பேற்றுவார்கள். பூசாத செம்பில் புளிப்பு பட்டால் பச்சைக் களிம்பு ஏறும், களிம்பு உயிரைக் குடிக்கும் என்பது எம் நாட்டில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். தங்கள் நாட்டாரோ வழிவழியாக மண்பானையில் சமைப்பவர்கள். திருவிழாக் கூட்டம் பெருகியதால்தான் முதன்முறையாகப் பெருங்கிடாரங்கள் வேண்டும் என்று எம்மிடம் ஆள் அனுப்பினீர்கள்.

கிடாரங்களை வண்டியேற்றிய நாளில் எம் வணிகர்கள் அவைக்கு வந்து, ஈயம் பூசும் செய்தியைக் கடற்கரையாருக்குச் சொல்லி அனுப்பலாமா என்று வினவினர். சொன்னால் அஞ்சுவார்கள், மண்பானையே போதும் என்று இருந்துவிடுவார்கள், திறந்த சந்தை மூடிப்போகும் என்று அமைச்சர் சிலர் கருதினர். கேட்டால் சொல்லுங்கள் என்று யாம் ஆணையிட்டோம். அந்த ஆணை எம் வாயிலிருந்து வந்தது. அதை வேறு எவர் தலையிலும் ஏற்ற மாட்டோம். முன்பின் அறியாத பொருளைப் பற்றி எதைக் கேட்பது என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? இதை எண்ணிப் பார்க்கக்கூட எமக்கு அன்று தோன்றவில்லை.

புளி கரைத்த மீன்குழம்பு விடியும் வரை அக்கிடாரங்களில் இருந்தது. உண்டவர்கள் சுருண்டு விழுந்தனர். இறந்தவர்களுள் பாலகரே மிகுதி என்று கேட்டோம்.

விசாரணை மன்றில் தாங்கள் எம் தூதர் வெண்காரியை நோக்கி, பாத்திரத்தில் குறை ஏதும் இருக்கக்கூடுமா என்று வினவியபோது, எம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக இவற்றிலேதான் சமைக்கிறோம், ஒருவருக்கும் ஒரு தீங்கும் நேர்ந்ததில்லை என்று அவர் விடை பகர்ந்தார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதைவிடப் பெரிய பொய்யும் இல்லை. அவ்விடையின்மேல்தான் அம்மையாரின் குற்றம் உறுதியாயிற்று. தூதர் திரும்பி வந்து அதை உரைத்தபோது, நாட்டின் மானத்தைக் காத்தீர் என்று மெச்சி அவருக்குப் பட்டாடை போர்த்தினோம்.

இவ்வளவும் செய்துவிட்டு யாம் நிம்மதியாகவே இருந்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்த நிம்மதியைக் கலைத்தவர் சேந்தி அம்மையாரே. தங்கள் சிறைக்கு உப்பு கொண்டுசெல்லும் வணிகர் ஒருவர் எம் மலைக்கு வந்தபோது, அம்மையார் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிய செய்தியை அவையில் உரைத்தார். விடுதலைக்குப் பரிந்து பேசுமாறு கேட்டிருப்பார் என்று எண்ணி, எப்படித் தட்டிக்கழிப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தோம். அவர் அப்படி எதுவும் கேட்கவில்லை. புதிய கிடாரத்தின் விளிம்பில் பச்சையாக ஏதோ படிந்திருந்ததாகவும், தாம் சொல்வதை இங்கே ஒருவரும் நம்பவில்லை என்றும், மலைநாட்டாரும் அத்தகைய பாத்திரங்களையே புழங்குவதால் அறியாமல் சமைத்துவிட வேண்டாம் என்றும், உங்கள் பிள்ளைகளாவது பிழைத்துக் கிடக்கட்டும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

விற்ற யாம் சொல்லாததை, வாங்கி அழிந்தவர் எமக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதன் பிறகும் அமைச்சர் ஒருவர் எழுந்து, நாம் விற்றது செம்பு, அதில் புளி கரைத்தது அவர்கள் என்று வாதிட்டார். யாமும் நேற்று வரை அப்படித்தான் எண்ணினோம், அதனால் உம்மைக் கடிந்துகொள்ளும் தகுதி எமக்கில்லை என்று மட்டும் அவரிடம் சொன்னோம். அவர் அமர்ந்துவிட்டார்.

ஆகவே, இவ்வோலையுடன் வெண்காரியே வருகிறார். எந்த மன்றில் நின்று அவ்விடையைச் சொன்னாரோ, அங்கேயே நின்று அதை மறுத்துரைப்பார். ஈயம் பூசுவோரும் உடன் வருகின்றனர். அவர்கள் பூசி முடிக்கும் வரை எக்கிடாரத்திலும் புளிப்பு எதுவும் சமைக்கலாகாது, சமைத்ததை வைத்திருக்கவும் கூடாது என்று ஊர்தோறும் பறையறைவித்தருள்க. இனிக் கேட்டாலும் கேளாவிட்டாலும், வாங்குபவர் முகம் பார்த்து, பொருளின் தீங்கைச் சொல்லாமல் விற்கக்கூடாது என்று எம் நாட்டில் ஆணை பிறப்பித்துள்ளோம். குற்றவாளி ஒருவர் வேண்டும் என்று தங்கள் மன்றம் கருதுமாயின், படையும் குடையும் இன்றி யாமே வந்து நிற்போம். பொறுத்தருளுமாறு கேட்கவில்லை, கேட்கும் இடத்தில் யாம் இல்லை.

இது எம் அறிவோடும் ஒப்புதலோடும் எழுதப்பட்டது. இதில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் தங்கள் மன்றில் உரக்கப் படிப்பது தூதர் கடன். அரசமுத்திரை இடப்பட்டது.

முத்திரைக்குக் கீழே எம் கையாலேயே எழுதுவது: சேந்தி அம்மையார் எங்கள் பிள்ளைகளை விசாரித்திருந்தார். அவருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். இதை மட்டும் அவர் எதிரில் படித்துக் காட்டுக. அம்மையே, எங்கள் பிள்ளைகள் எல்லாரும் நலமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் முன்பே சொல்லியிருந்தோம்.